வெசாக் ஓர்க்கிட்டை மரத்திலேயே விடுக

வெசாக் பண்டிகையை ஒட்டி, வைகாசியில் மலர்வதால் 'வெசாக் மலர்' எனப் பெயர்பெற்ற ஓர்க்கிட்டு, இலங்கையிலன்றி வேறெந்நாட்டிலும் இயற்கையாக வளர்வதில்லை. இரத்தினபுரி, களுத்துறைப் பகுதிகளை உள்ளிட்ட ஈரவலயத் தாழ்நிலக் காடுகளே இதன் உறைவிடம். மெல்லிய தண்டுகள் கிளைகளினின்றும் தொங்க, அவற்றில் இளஞ்சிவப்புங் கருஞ்சிவப்புங் கலந்த பெரிய மலர்கள் பூக்கும். இஃது ஒட்டுண்ணியன்று, மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. குருவிச்சையைப் போற் கேடு செய்யுமென எண்ணி இதனைப் பிடுங்கியெறிதல் பெருந்தவறாகும்.

காடழிப்பினாலும், அழகுக்கும் விற்பனைக்குமெனச் செடிகளைக் கவர்வோராலும் இவ்வினம் அருகிவிட்டது. பூத்த செடியையே தேடிப் பிடுங்குவதால் விதையும் இல்லாதொழிகின்றது. இதன் விதை தூசு போல நுண்ணியது. தன்னுள் உணவுச் சேமிப்பற்றது. ஆதலின் ஒருவகைப் பங்கசின் துணையின்றிக் காட்டில் அது முளையாது. எண்ணிறந்த விதைகளுள் மிகச் சிலவே செடியாகின்றன. இழந்த செடிக்கு ஈடாக இன்னொன்று எளிதில் தோன்றுமென நம்பற்க.

காட்டினின்றும் கொணர்ந்த செடி, நிழலும் ஈரமுங் குன்றிய முற்றத்தில் பெரும்பாலும் மடிந்துவிடும். அன்றியும், இது சட்டத்தாற் காக்கப்பட்ட தாவரமாகும். வளர்க்க விரும்புவோர், ஆய்கூடத்தில் விதையினின்றும் வளர்த்த ஓர்க்கிட்டுக் கன்றுகளையே கேட்டு வாங்குக. உங்கள் இறப்பர்க் காணியின் எல்லையிலுள்ள காட்டுமரத்தில் இம்மலர் தொங்கக் காணின், அம்மரத்தையும் அதற்கு நிழல்தரும் அயல் மரங்களையுந் தறியாது விடுக.