கல்லறையைத் தொட்ட துணி

பைசாந்தியச் சக்கரவர்த்தி மௌரீசின் பட்டமகிஷி கொன்ஸ்தந்தீனா, அரண்மனையில் தாம் எழுப்பிவந்த ஆலயத்திற்காக அப்போஸ்தலர் பவுலின் சிரசை அனுப்பிவைக்குமாறு வேண்டியபோது, 594-ஆம் ஆண்டில் அதற்கு மறுமொழி விடுத்த போப்பாண்டவர் முதலாம் கிரகோரி, புனிதர்களின் சரீரங்களைத் தீண்டுவது ரோமாபுரியின் வழக்கமன்று என்றும், சிறு பேழையில் இட்ட துணியொன்றைக் கல்லறையின் அருகே வைத்து எடுத்து அனுப்புவதே அங்குள்ள சம்பிரதாயம் என்றும் விளக்கினார். 'பிராந்தேயம்' எனப்பட்ட அத்துணி, தூரதேசத்து ஆலயங்களில் பயபக்தியோடு பிரதிஷ்டை செய்யப்பட்டது. எபேசு நகரில் பவுலின் மேனியில் பட்ட துணிகள் பிணியாளரைக் குணப்படுத்தியதாக அப்போஸ்தலர் நடபடிகள் கூறுவதை அறிந்தவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றியிராது.

அந்நூற்றாண்டிலேயே வாழ்ந்த தூர் நகரத்து ஆயர் கிரகோரி தரும் செய்தியோ உள்ளத்தை இன்னும் ஆழமாகத் தொடுகிறது. பேதுருவின் கல்லறைக்குள் துணியை இறக்குமுன் அதைத் தராசில் நிறுப்பார்களாம்; பின்பு உபவாசமிருந்து, கண்விழித்து ஜெபிப்பார்களாம்; பக்தனின் விசுவாசம் மெய்யானதாயின், மேலே எடுக்கும்போது துணி முன்னிலும் கனத்திருக்குமாம். சக்கரவர்த்தினியும் சாமானிய யாத்திரிகனும் ரோமாபுரியின் அக்கல்லறைகளிலிருந்து ஒரே விதமான துணித்துண்டையே பெற முடிந்தது என்பதை நான் மிகவும் போற்றுகிறேன். இத்துணிகளைச் சிலர் ஐயுற்றபோது, போப்பாண்டவர் லியோ ஒன்றைக் கத்தரிக்கோலால் வெட்ட, அதிலிருந்து இரத்தம் கசிந்ததாகவும் போப்பாண்டவர் கிரகோரி சக்கரவர்த்தினிக்கு விடுத்த அந்த மறுமொழிக் கடிதம் கூறுகிறது.