அவசர அழைப்பை ஏற்பவர்: தீவகத்தில் உரிமைகளும் ஆபத்துகளும் நிவாரணங்களும்

அவசர அழைப்பு உத்தியோகத்தர் என்பவர் ஆபத்தில் உள்ளவரின் தொலைபேசி அழைப்பை ஏற்று, எங்கே, யாருக்கு, என்ன நடந்தது என்பதைக் கேட்டறிந்து, உரிய உதவியை அனுப்பி, அது வந்து சேரும்வரை அழைத்தவருக்கு வழிகாட்டுபவர். நோயாளியை அவர் காண்பதில்லை. அழைத்தவர் சொல்வதையும் பின்னணியில் கேட்கும் சத்தத்தையும் வைத்தே முடிவெடுக்கிறார். அந்த முடிவில் ஓர் உயிர் தங்கியிருக்கும். ஆகவே இந்தத் தொழிலில் இருப்பவரின் உரிமையும் அழைப்பவரின் உரிமையும் ஒன்றையொன்று சார்ந்தவை. கடலால் பிரிக்கப்பட்ட யாழ்ப்பாணத் தீவகத்தில் இந்தச் சார்பு இன்னும் இறுக்கமானது.

சேவை வந்த வழி

ஒரே இலக்கத்தை அழைத்து அவசர உதவி பெறும் முறை 1937இல் இலண்டனில் 999 என்ற இலக்கத்துடன் தொடங்கியது. அமெரிக்காவின் முதலாவது 911 அழைப்பு 1968இல் அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் நகரில் எடுக்கப்பட்டது. இந்தியாவில் 108 சேவை 2005இல் ஐதராபாத்தில் ஆரம்பமாகி, 2008இல் தமிழ்நாட்டுக்கு வந்தது.

இலங்கையில் 1990 என்ற இலக்கத்தில் இயங்கும் சுவசெரிய சேவை இந்திய அரசின் நன்கொடையுடன் 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் 88 அம்புலன்ஸ் வண்டிகளோடு தொடங்கப்பட்டது. மேலும் 209 வண்டிகளுடன் நாடு முழுவதற்கும் விரிவாக்கும் பணி 2018 ஜூலை 21இல் யாழ்ப்பாணத்தில் ஆரம்பித்துவைக்கப்பட்டது. அதே ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் சுவசெரிய மன்றத்தை உருவாக்கியது. சேவை முற்றிலும் இலவசம். பொலிஸ் அவசர உதவிக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என வேறு இலக்கங்களும் உள்ளன.

முதல் நிமிடத்தில் நடப்பவை

அழைப்பு வந்ததும் உத்தியோகத்தர் முதலில் கேட்பது இடம். தொடர்பு அறுந்தாலும் இடம் தெரிந்தால் உதவியை அனுப்பலாம். அடுத்து, மீள அழைப்பதற்கான தொலைபேசி இலக்கம். பிறகு நோயாளிக்கு நினைவு இருக்கிறதா, சீராக மூச்சு விடுகிறாரா என்ற இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் “இல்லை” என்று பதில் வந்தால் அது இதயம் நின்ற நிலையாக இருக்கலாம். மூளைக்குக் குருதி போகாவிட்டால் சில நிமிடங்களிலேயே பாதிப்புத் தொடங்கிவிடும்.

அந்த நிலையில் நன்கு பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் அழைத்தவரின் கைகளைக் கொண்டே உயிர்காக்க முனைவார். நோயாளியைக் கடினமான தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சின் நடுவில் ஒரு கையின் மேல் மற்றக் கையை வைத்து, 5 சென்ரிமீற்றருக்குக் குறையாத ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தச் சொல்வார். தானும் “ஒன்று, இரண்டு, மூன்று” என்று கூடவே எண்ணுவார். பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம், கடிபட்ட காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள் என்பார்.

அழைத்தவர் பல வேளைகளில் இந்தக் கேள்விகளால் எரிச்சலடைகிறார். “கேள்வி கேட்டுக்கொண்டிராமல் வண்டியை அனுப்புங்கள்” என்று கத்துகிறார். ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே வண்டியை அனுப்பும் வேலையும் நடப்பதுதான் இத்தகைய நிலையங்களின் முறை. கேள்விகள் உதவியைத் தாமதப்படுத்துவதில்லை. வருபவர்கள் ஆயத்தத்துடன் வர வழிசெய்கின்றன.

கடல் குறுக்கிடும் இடம்

பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணத்துடன் வேலணையும் ஊர்காவற்றுறையும் தரைவழியாக இணைந்துள்ளன. வேலணையிலிருந்து கடலைக் கடக்கும் வீதி புங்குடுதீவுக்குப் போகிறது. அம்புலன்ஸ் வண்டி இந்த இடங்களுக்கெல்லாம் ஓடிவரலாம். புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையுடன் வீதி முடிந்துவிடுகிறது. அங்கிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுதான். அனலைதீவு, எழுவைதீவு மக்களுக்கு ஊர்காவற்றுறையிலிருந்து படகு.

நெடுந்தீவில் இரவு ஒருவருக்குப் பக்கவாதம் ஏற்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கி நான்கரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். படகு ஒழுங்கு செய்வதற்கும் நோயாளியை ஏற்றி இறக்குவதற்கும் போகும் நேரத்தையும் கூட்டினால், வீட்டில் “விடியட்டும், பார்ப்போம்” என்று காத்திருக்க இடமேயில்லை. வாடைக்காற்றும் சோளகமும் வீசும் மாதங்களில் கடல் கொந்தளித்தால் பயணிகள் படகு நின்றுவிடும். அத்தகைய வேளைகளில் கடற்படையின் படகுகளே நோயாளரைக் கரைசேர்த்து வந்திருக்கின்றன.

இதனால் தீவகத்துக்கான அழைப்பில் உத்தியோகத்தரின் வேலை ஒரு வண்டியை அனுப்புவதோடு முடியாது. தீவில் உள்ள பிரதேச வைத்தியசாலை, படகு, இறங்குதுறையில் காத்திருக்க வேண்டிய வண்டி, நோயாளியை ஏற்கும் வைத்தியசாலை ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் தகவல் அறிய வேண்டும். ஒன்று தவறினாலும் நோயாளி இறங்குதுறையில் கிடக்க நேரும்.

இடத்தை விளங்கிக்கொள்வதும் எளிதல்ல. 1990 அழைப்பு நிலையம் கொழும்பை அண்டிய இராஜகிரியவில் உள்ளது; தீவகத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம். நெடுந்தீவின் ஒழுங்கைகளில் இருபுறமும் ஒரே மாதிரியான கல்வேலிகள். “பெரிய வேலிக்குப் பக்கத்து வீடு” என்றால் ஊரவருக்கு விளங்கும்; தொலைவில் இருப்பவருக்கு விளங்காது. ஊர்காவற்றுறை ஆங்கிலத்தில் கயிற்ஸ் என்றும், நெடுந்தீவு டெல்ப்ற் என்றும், நயினாதீவு சிங்களத்தில் நாகதீபய என்றும் வழங்குகின்றன. திரையில் எந்தப் பெயர் இருந்தாலும் அது எந்தத் தீவு என்பதை உத்தியோகத்தர் உடனே அறிந்திருக்க வேண்டும்.

உத்தியோகத்தர் எதிர்கொள்ளும் ஆபத்துகள்

களத்துக்குப் போகாதவருக்கு என்ன பாதிப்பு வரப்போகிறது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது தவறு. குழந்தை மூச்சுவிடாமல் கிடக்கும்போது தாய் எழுப்பும் ஓலத்தைக் கேட்பவர் அவர். உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாகச் சொல்பவருடன் கடைசியாகப் பேசுபவரும் அவராக இருக்கலாம். அழைப்பு முடிந்தபின் அந்தக் குழந்தை பிழைத்ததா என்பது பெரும்பாலும் அவருக்குத் தெரியவருவதில்லை. மறு கணமே அடுத்த அழைப்பு. பிறருடைய துயரை இப்படித் தொடர்ந்து கேட்பதால் மன உளைச்சல், தூக்கமின்மை, பயங்கரக் கனவுகள், எதிலும் பற்றற்ற நிலை ஆகியவை ஏற்படலாம் என்பதைப் பல நாடுகளில் இந்தத் தொழிலாளரிடையே நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

இரவுச் சுழற்சி வேலை உடலின் தூக்க ஒழுங்கைக் குலைக்கும். நீண்ட நேரம் அமர்ந்திருப்பதால் முதுகுவலியும், தலையில் அணியும் செவிப்பொறியால் காதுக்குச் சிரமமும் வரலாம். விளையாட்டு அழைப்புகளும் வசைகளும் வேறு. பெண் உத்தியோகத்தர்களிடம் ஆபாசமாகப் பேசுவோரும் உண்டு. விளையாட்டாக எடுக்கப்படும் ஓர் அழைப்பு, உண்மையில் உதவி தேவைப்படும் ஒருவரைக் காத்திருக்க வைக்கிறது.

உத்தியோகத்தரின் உரிமைகளும் நிவாரணங்களும்

எந்தச் சட்டம் தமக்குப் பொருந்தும் என்பதை முதலில் நியமனக் கடிதத்திலிருந்து அறிந்துகொள்ள வேண்டும். நிரந்தர அரச சேவையாளருக்குத் தாபன விதிக்கோவை பொருந்தும். தனியார் நிறுவனத்தின் அழைப்பு நிலையத்தில் பணியாற்றுபவருக்குப் பொதுவாக 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் பொருந்தும். அதன்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி. அதற்கு மேல் செய்யும் வேலைக்கு ஒன்றரை மடங்கு மேலதிகக் கொடுப்பனவு உண்டு.

ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 சதவீதமும் தொழில்கொள்வோர் 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்கொள்வோர் 3 சதவீதமும் செலுத்த வேண்டும். 15 பேருக்குக் குறையாத ஊழியர்களைக் கொண்ட நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகள் பணியாற்றியவருக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடை உரித்தாகும். இவை மறுக்கப்பட்டால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம். தனியார் துறை ஊழியர் நியாயமின்றி வேலையிலிருந்து நீக்கப்பட்டால் ஆறு மாதங்களுக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். காலம் கடந்தால் விண்ணப்பம் எடுபடாது.

சொல்லாலோ செயலாலோ செய்யப்படும் பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் ஐந்து ஆண்டுகள்வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். மேலதிகாரி செய்தாலும் தொலைபேசியில் முகம் தெரியாதவர் செய்தாலும் பொலிஸில் முறையிடலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. அழைப்பு நேரத்தையும் இலக்கத்தையும் குறித்துவைத்து மேற்பார்வையாளருக்கு எழுத்தில் அறிவிப்பது பின்னர் சான்றாகும்.

கடுமையான ஓர் அழைப்புக்குப் பின் சிறிது நேரம் மேசையை விட்டு எழ அனுமதிப்பதும், அதைப் பற்றி மேற்பார்வையாளருடன் பேச வாய்ப்பளிப்பதும், உளவள ஆலோசனை ஒழுங்கு செய்வதும் நல்ல நிலையங்களின் நடைமுறை. உத்தியோகத்தர்கள் இதைக் கேட்டுப் பெற வேண்டும், கேட்பது பலவீனமல்ல. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் 24 மணி நேரமும் இயங்குகிறது.

உரிமையோடு கடமையும் உண்டு. நோயாளியின் பெயர், நோய், முகவரி ஆகியவற்றை வெளியே சொல்லக் கூடாது. ஆளுக்கு ஆள் அறிமுகமான தீவகத்தில் ஒரு பெயர் கசிந்தால் ஊர் முழுக்கப் பரவிவிடும். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் இயற்றப்பட்டுள்ளது.

அழைப்பவரின் உரிமைகள்

தமிழில் பேசி உதவி பெறுவது சலுகையல்ல. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி வடக்கில் தமிழ் நிருவாக மொழி. சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதியின் அரச அலுவலகத்துடனும் தமிழில் தொடர்புகொள்ளலாம். அழைப்பை ஏற்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், தமிழ் தெரிந்த உத்தியோகத்தரிடம் இணைக்குமாறு கேட்கலாம். மறுக்கப்பட்டால் 1991ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு அனுப்பலாம்.

பாரபட்சம் காரணமாக உதவி மறுக்கப்பட்டால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறையிடலாம். அதன் அவசர இலக்கம் 1996. அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்தில் மனுத்தாக்கல் செய்ய ஒரு மாதமே அவகாசம். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அவகாசக் கணக்கில் சேராது.

தீவகத்திலிருந்து எத்தனை அழைப்புகள் வந்தன, உதவி சேர எவ்வளவு நேரம் சென்றது, இரவுப் படகுக்கு என்ன ஒழுங்கு உள்ளது ஆகிய விபரங்களை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு அறிவிக்கப்பட வேண்டும். சனசமூக நிலையங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் செய்யக்கூடிய பயனுள்ள பணி இது.

வீட்டில் செய்துவைக்க வேண்டியவை

தீவின் பெயர், வட்டாரம் அல்லது கிராம அலுவலர் பிரிவு, அருகிலுள்ள கோயில், தேவாலயம் அல்லது பாடசாலை, தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை ஒரு தாளில் பெரிதாக எழுதி, சிறுபிள்ளையும் வாசிக்கும்படி சுவரில் ஒட்டிவைக்க வேண்டும். 1990, 119, 117 ஆகிய இலக்கங்களோடு உள்ளூர் வைத்தியசாலையின் இலக்கமும் அதில் இருக்க வேண்டும். படகு தேவைப்படும் தீவுகளில் நோயாளியை முதலில் உள்ளூர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதே பாதுகாப்பு. அங்கே முதல் சிகிச்சையும் இடமாற்ற ஒழுங்கும் ஒன்றாகத் தொடங்கும்.

அழைக்கும்போது பதறாமல் இடத்தை முதலில் சொல்லுங்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். உத்தியோகத்தர் முடிக்கச் சொல்லும்வரை தொலைபேசியைத் துண்டிக்காதீர்கள். பிள்ளைகள் இந்த இலக்கங்களோடு விளையாட இடங்கொடாதீர்கள். இரவில் விழித்திருந்து அழைப்பை ஏற்பவரை ஏசாதீர்கள். தவறு நேர்ந்திருந்தால் நேரத்தைக் குறித்துவைத்து, உரிய இடத்தில் எழுத்தில் முறையிடுங்கள்.