பாகூர்ல தங்கலாம் வாங்க!

இத்தாலியில் உர்பினோ என்றொரு மலை நகரம். ஓவியர் ரஃபேல் பிறந்த ஊர். 1998-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இந்த மாதிரி ஊர்களுக்குப் போகிற பலர் பெரிய ஹோட்டல் தேடுவதில்லை. ஏதாவது ஒரு வீட்டில் ரூம் எடுத்துத் தங்குகிறார்கள். காலையில் அந்த வீட்டுக்காரரே காபியும் ரொட்டியும் தருவார். இதுதான் ‘பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்’.

‘உர்பினோவுக்கும் நமக்கும் என்னப்பா சம்பந்தம்?’னு கேக்கறீங்களா? இருக்கு பாஸ்! 2000-களின் தொடக்கத்தில், ஐரோப்பிய யூனியனின் ‘ஏஷியா அர்ப்ஸ்’ திட்டத்தில் புதுச்சேரியோடு கைகோத்த ஊர்களில் உர்பினோவும் ஒன்று. இன்டாக் அமைப்பின் உதவியோடு வைசியாள் வீதியின் பழைய தமிழ் வீடுகளுக்கு அப்போது புது உயிர் வந்தது. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதுப் பட்டியலிலும் அந்த வீதி இடம்பிடித்தது.

அதே திண்ணையும் முற்றமும் ஓட்டுக் கூரையும் வில்லியனூர், பாகூர் பக்கமும் இருக்கு. ஆனா டூரிஸ்ட் யாரும் எட்டிப் பார்க்கறதில்லை. வெள்ளிக்கிழமை வந்து இறங்கி, பீச் ரோட்டில் போட்டோ எடுத்து, ஞாயிறு ராத்திரி கிளம்பிடறாங்க.

நம்ம கிட்ட காட்ட என்ன இருக்கு என்று தயங்காதீங்க. வில்லியனூரில் திருக்காமீஸ்வரர் கோயில் தேர், லூர்து மாதா கோயில், சுடுமண் பொம்மைக் கலைஞர்கள், பக்கத்திலேயே ஊசுட்டேரி. பாகூரில் ஏரி, வயல், மூலநாதர் கோயில். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா தகவல்: 9-ம் நூற்றாண்டிலேயே பாகூரில் ‘வித்யாஸ்தானம்’ என்ற உயர்கல்விக் கூடம் இருந்தது. அதற்கு மூன்று கிராமங்கள் மானியமாகக் கொடுக்கப்பட்டதை பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு சொல்கிறது. அந்தக் காலத்து கேம்பஸ்!

விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பண்ணை வீட்டில் விருந்தினரைத் தங்கவைப்பதற்காகவே 1985-ல் இத்தாலி ஒரு சட்டம் போட்டது. அங்கே அதற்கு ‘அக்ரிடூரிஸ்மோ’ என்று பெயர். அதன் முக்கிய நிபந்தனை, விவசாயம்தான் பிரதானம், விருந்தினர் வருமானம் துணைக்குத்தான். பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்கிறோம். வயலை மனை போட்டு வித்துட்டா, விருந்தாளி எதைப் பார்க்க வருவார்?

சரி, இங்கே ரூல்ஸ் என்ன? மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ‘பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்’ திட்ட விதிப்படி, 1 முதல் 6 ரூம் வரை வாடகைக்கு விடலாம். படுக்கைகள் 12-க்கு மேல் போகக் கூடாது. வீட்டுக்காரர் குடும்பம் அங்கேயே வசிக்க வேண்டும். வசதியைப் பொறுத்து கோல்டு, சில்வர் என்று தரம் பிரிப்பார்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். உள்ளூர் அனுமதிக்கு என்ன வேண்டும் என்பதை கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விருந்தாளி பெரிசா எதையும் கேட்க மாட்டார். சுத்தமான பாத்ரூம், வெளுத்த போர்வை, கொசுவலை, சூடா இட்லி. இதில் ஒன்று சொதப்பினாலும் தேக்குத் தூண் காப்பாத்தாது!

முக்கியமான ஒரு வேண்டுகோள்: ‘நான் பிசினஸ் பண்றேன்’னு சொல்லிட்டு மொத்த வேலையையும் அம்மா தலையில கட்டிடாதீங்க. ரூம் பெருக்குவதும் பாத்ரூம் கழுவுவதும் உங்க டிபார்ட்மென்ட். சமையல் அம்மா கையில் என்றால் வருமானத்தில் பங்கும் அம்மா கையில்.

கடன் வாங்கி டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடி சின்னதா ஒரு டெஸ்ட். வெளியூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் ரெண்டு ஃப்ரெண்ட்ஸை சனி, ஞாயிறு வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. ஏரியைச் சுத்திக் காட்டுங்க. திங்கட்கிழமை காலை, குறைகளை மட்டும் ஒரு பேப்பரில் எழுதித் தரச் சொல்லுங்க. அந்த லிஸ்ட்டைச் சரி பண்ணிட்டீங்கன்னா, முதல் கெஸ்ட்டுக்கு நீங்க ரெடி!