நாலு மணிக்கு எழுப்பாதீர்கள்

புலமைப்பரிசில் பரீட்சைக்கு மீட்டல் செய்யும் பிள்ளைகளின் வீடுகளில் வினாத்தாள்கள் குவிகின்றன, நித்திரை குறைகிறது. வேகத்தை எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது?

தரம் ஐந்தில் ஒரு பிள்ளை இருந்தால் அந்த வீட்டின் நடைமுறையே மாறிவிடுகிறது. விடியற்காலை நாலு மணிக்கு லைற் எரிகிறது. மேசையில் மாதிரி வினாத்தாள்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. கலியாண வீடோ கோயில் திருவிழாவோ, தாய் தகப்பனில் ஒருவர்தான் போய்வருகிறார். மற்றவர் பிள்ளைக்குக் காவல் இருக்கிறார். உறவினர் யாராவது எட்டிப்பார்த்தால் முதலில் வரும் கேள்வி, "எத்தனை பேப்பர் செய்து முடிச்சிட்டாய், அப்பன்?" என்பதுதான்.

அந்தக் கேள்வியை எல்லோரும் நிறுத்திவைத்தால் நல்லது. பேப்பரின் எண்ணிக்கையைச் சொல்வது சுலபம். பிள்ளையின் மனதில் என்ன தங்கியது என்பதை அப்படி எண்ணிச் சொல்ல முடியாது. அதனால் எண்ண முடிந்ததையே துரத்துகிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஐம்பது செய்தால் எங்கள் பிள்ளை நூறு செய்யவேண்டும் என்கிறோம். அதற்கு நேரம் வேண்டுமே! முதலில் விளையாட்டு நேரம் போகிறது. அதுவும் போதாதபோது நித்திரையில் கை வைக்கிறோம். பத்து வயதுப் பிள்ளைக்கு நாம் செய்யும் பெரிய கெடுதி இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். மீட்டலை எப்படிப் பங்கிடுவது என்று யோசிப்பவர்கள் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

11.15 மணிக்குத் தேவைப்படும் மூளை

பரீட்சையின் இரண்டு வினாத்தாள்களிலும் மொத்தம் 100 வினாக்கள். முதலாம் வினாத்தாளில் 40 வினாக்களுக்கு ஒரு மணித்தியாலம். வினா ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம் கிடைக்கிறது. இரண்டாம் வினாத்தாளில் 60 வினாக்களுக்கு ஒன்றேகால் மணித்தியாலம். வினா ஒன்றுக்கு 75 செக்கன். வாசிப்பது, விளங்கிக்கொள்வது, கணக்குப் பார்ப்பது, எழுதுவது எல்லாம் அதற்குள் நடக்கவேண்டும். பெற்றோர் வேகத்தை நினைத்துப் பதறுவதற்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் அந்த வேகம் எந்த நேரத்தில் தேவைப்படுகிறது என்று பாருங்கள். அண்மைய வருடங்களில் இரண்டாம் வினாத்தாளே முதலில் வருகிறது. காலை 9.30க்குத் தொடங்கி 10.45க்கு முடிகிறது. அரை மணித்தியால இடைவேளைக்குப் பிறகு 11.15 முதல் 12.15 வரை முதலாம் வினாத்தாள். உருக்களின் ஒழுங்கு, எண் கோலம், தர்க்கம் என்று நுண்ணறிவைச் சோதிக்கும் தாள் அது. அங்கே மனப்பாடம் கைகொடுக்காது, தெளிந்த மூளைதான் கைகொடுக்கும். நாலு மணிக்கு எழும்பிப் பழகிய பிள்ளை அந்தத் தாளைக் கையில் வாங்கும்போது ஏழு மணித்தியாலத்துக்கு மேல் விழித்திருக்கும். களைத்த பிள்ளை "பொருந்தாதது எது" என்ற வினாவைப் "பொருந்துவது எது" என்று வாசித்துவிடும். விடை தெரிந்தும் புள்ளி போகிறது. வீட்டில் அதற்குக் கிடைக்கும் பெயர் "கவனயீனம்". அதற்குத் தண்டனையாக இன்னும் இரண்டு பேப்பர்!

ஒரே நாளில் ஊற்றாதீர்கள்

ஜேர்மன் உளவியலாளர் ஒருவர் பொருளற்ற அசைகளைத் தானே மனனம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885 இல் ஒரு நூல் வெளியிட்டார். படித்த முதல் மணித்தியாலங்களிலேயே மறதி வேகமாக நடக்கிறது என்பதும், ஒரே மூச்சில் படிப்பதைவிட நாட்களாகப் பிரித்துப் படித்தால் குறைந்த உழைப்பில் நினைவில் நிற்கிறது என்பதும் அவர் கண்டவை. அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான ஆய்வுகள் இதை உறுதிப்படுத்திவிட்டன. 2006 இல் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமை கழித்துப் பார்த்தபோது, வாசித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முன்னுக்கு நின்றார்கள்.

மிளகாய்த் தோட்டத்துக்கு ஒரு கிழமைத் தண்ணீரை ஒரே நாளில் இறைப்பவர் யாரும் இல்லை. பிள்ளையின் படிப்புக்கும் முறை வைத்துத்தான் இறைக்கவேண்டும்.

அதற்கு ஒரு கொப்பி போதும். பிழைக் கொப்பி என்று அதற்குப் பெயர் வையுங்கள். பேப்பர் ஒன்றைத் திருத்திய பிறகு பிழைத்த வினாக்களை மட்டும் அதில் எழுதவோ வெட்டி ஒட்டவோ வேண்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஏன் பிழைத்தது என்பதைப் பிள்ளையே சொல்லவேண்டும். காரணம் பெரும்பாலும் நாலு வகைக்குள் அடங்கும்: பாடம் தெரியாது, வினா விளங்கவில்லை, அவசரப்பட்டது, நேரம் போதவில்லை. முதல் இரண்டுக்கும் ரீச்சரின் உதவி வேண்டும். மூன்றாவதற்கு நித்திரை வேண்டும். நாலாவதற்கு மட்டுமே இன்னொரு பேப்பர் வேண்டும்.

அந்தப் பிழைகளை இரண்டு நாள் கழித்து ஒருமுறை, ஒரு கிழமை கழித்து ஒருமுறை, மூன்று கிழமை கழித்து ஒருமுறை விடையை மறைத்துச் செய்யவிடுங்கள். மூன்று முறையும் சரிவந்தால் அந்த வினாவை வெட்டிவிடலாம். வெட்டும் வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். கொப்பியில் கோடுகள் கூடுவதைத் தன் கண்ணால் காணும் பிள்ளைக்கு வரும் துணிவை எந்தத் தரவரிசைப் பட்டியலும் கொடுக்காது.

திகதியிலிருந்து பின்னோக்கி

பரீட்சை ஒரே மாதத்தில் நிலையாக நின்றதில்லை. 2021க்குரிய பரீட்சை 2022 ஜனவரி 22இல் நடந்தது. 2022க்குரியது டிசம்பர் 18இல், 2023க்குரியது ஒக்டோபர் 15இல், 2024க்குரியது செப்டெம்பர் 15இல், 2025க்குரியது ஓகஸ்ட் 10இல் நடந்தன. தள்ளிப்போன வருடங்களில் பல பிள்ளைகள் கடைசிக் கிழமையின் வேகத்தில் மாதக்கணக்காக ஓடவேண்டி வந்தது. திகதி அறிவிக்கப்பட்டதும் கலண்டரில் அதைக் குறித்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

மூன்று மாதம் இருக்கும்போது கிழமைக்கு ஒரு முழுப் பேப்பர் போதும். மற்ற நாட்களில் பாடம் பாடமாக, அரை மணித்தியாலத் துண்டுகளாக மீட்டல் நடக்கட்டும். கணிதம் என்றால் பின்னக் கணக்கையே இருபது தரம் செய்யாமல் பின்னம், நேரம், பரப்பளவு என்று கலந்து கொடுங்கள். எந்த முறையைப் பாவிப்பது என்று தேர்ந்தெடுக்கும் பயிற்சி அப்போதுதான் வரும்; பரீட்சையும் அதைத்தான் கேட்கிறது. ஆங்கிலமும் இரண்டாம் மொழியும் நாளுக்குப் பத்து நிமிடம் பெற்றால் போதும், ஆனால் தினமும் பெறவேண்டும்.

கடைசி மாதத்தில் முழுப் பேப்பர் கிழமைக்கு இரண்டாகலாம். அதில் ஒன்றை ஞாயிற்றுக்கிழமை காலை 9.30க்கு, பரீட்சை நடக்கும் ஒழுங்கிலேயே, இடைவேளையோடு செய்யவையுங்கள். மேசையில் பென்சில், பேனை, தண்ணீர்ப் போத்தல் தவிர ஒன்றும் வேண்டாம். அடுத்தது கிழமை நாளில் வரட்டும். இரண்டுக்கும் நடுவில் பிழைக் கொப்பிக்கு இடம் இருக்கவேண்டும்.

கடைசிக் கிழமையில் புதிய பேப்பர் ஒன்றுமே வேண்டாம். பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்னரிருந்து பிரத்தியேக வகுப்புகளும் மாதிரி வினாத்தாள் விநியோகமும் தடைசெய்யப்படுகின்றன. 2025இல் ஓகஸ்ட் 6 நள்ளிரவோடு அந்தத் தடை தொடங்கியது. பிள்ளை மூச்சு விடுவதற்குக் கிடைத்த நாட்கள் அவை. அவற்றை வீட்டு ரியூஷனாக மாற்றிவிடாதீர்கள். பிழைக் கொப்பியைப் புரட்டிப் பார்ப்பது, கொஞ்சம் வாசிப்பு, பின்னேரம் விளையாட்டு, நேரத்துக்கு நித்திரை, அவ்வளவுதான்.

கிழமைக்கு 21 மணித்தியாலம்

இந்த ஒழுங்கு முழுவதும் ஓர் இடத்தில் உடைந்துபோகும். இரவு பத்துக்குப் படுத்து நாலுக்கு எழும்பும் பிள்ளையிடம் இதில் எதுவும் பலிக்காது.

6 முதல் 12 வயது வரையான பிள்ளைகள் நாளுக்கு 9 முதல் 12 மணித்தியாலம் உறங்கவேண்டும் என்று அமெரிக்க நித்திரை மருத்துவ நிபுணர்கள் 2016இல் பரிந்துரைத்தார்கள். பத்து தொடக்கம் நாலு என்றால் ஆறு மணித்தியாலம்தான். ஆகக் குறைந்த அளவோடு ஒப்பிட்டாலும் நாளுக்கு மூன்று, கிழமைக்கு 21 மணித்தியாலம் கடன். இரண்டு முழு இரவுகளின் நித்திரையை ஒவ்வொரு கிழமையும் பிள்ளையிடமிருந்து எடுக்கிறோம். மாதக்கணக்காக எடுக்கிறோம்.

எடுத்ததற்குப் பதிலாக எதையாவது கொடுக்கிறோமா? பகலில் படித்ததை மூளை நித்திரையில்தான் அடுக்கி உறுதிப்படுத்துகிறது. அதிலும் கனவு காணும் நித்திரை இரவின் கடைசிப் பங்கில், விடியப்போகும் நேரத்தில்தான் அதிகம் வருகிறது. நாலு மணிக்குத் தட்டியெழுப்பும்போது சரியாக அந்தப் பங்கைத்தான் வெட்டுகிறோம். இரவு படித்தது நிலைபெறுவதற்கு முன்னரே எழுப்பி, அதையே மறுபடி படிக்கச் சொல்கிறோம். பிள்ளை தலையைத் தொங்கப்போட்டபடி வாசிக்கிறது. அது வாசிப்பே இல்லை.

பள்ளிக்கூடம் காலை 7.30க்குத் தொடங்குகிறது. மதியம் முடிந்ததும் ரியூஷன், அது முடிய வீட்டுவேலை. கொரோனாக் காலத்தில் வீட்டுக்குள் வந்த ஸூம் வகுப்பு இன்னும் பல வீடுகளை விட்டுப் போகவில்லை. இரவு ஒன்பது மணிக்கு வட்ஸ்அப்பில் "நாளைக்கு இதைச் செய்துகொண்டு வாங்கோ" என்று ஒரு வினாத்தாள் வந்து விழுகிறது. படுக்கப்போன பிள்ளையைத் தாய் திரும்ப மேசைக்குக் கூட்டிவருகிறார். மற்றப் பிள்ளைகள் செய்துவிடுவார்களே என்ற பயம்தான் அவரை அப்படிச் செய்யவைக்கிறது. அந்தத் தாயை நான் குறைசொல்லவில்லை. பயத்தை ஊருக்கே பங்கிட்டுக் கொடுத்த நாம் எல்லோரும் சேர்ந்துதான் அதைத் திருப்பி எடுக்கவேண்டும். வகுப்பு நடத்துபவர்கள் இரவு ஏழுக்குப் பிறகு ஒரு தாளும் அனுப்புவதில்லை என்று முடிவெடுத்தால் ஆயிரம் வீடுகளில் பிள்ளைகள் நேரத்துக்குப் படுப்பார்கள். பெற்றோர் கூட்டங்களில் இதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. கேளுங்கள்.

நித்திரைக் குறைவு தன்னைக் காட்டிக்கொடுக்கும். சின்ன விஷயத்துக்கும் அழுகை, தம்பி தங்கையோடு ஓயாத சண்டை, ஒரே வரியை மூன்று தரம் வாசிப்பது, தெரிந்த கணக்கும் பிழைப்பது. இவற்றைக் கண்டால் படிப்பைக் கூட்டாதீர்கள். இரண்டு நாள் பேப்பரை எடுத்து வைத்துவிட்டுத் தூங்கவிடுங்கள். மூன்றாம் நாள் பிள்ளை எழுதுவதைப் பாருங்கள்.

விடியப்புறம் படித்தால் நன்றாகப் பதியும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பல பேப்பர் செய்தால்தான் வேகம் வரும் என்று அனுபவமுள்ள ஆசிரியர்களும் சொல்கிறார்கள். இரவு ஏழரைக்குப் படுத்து நாலரைக்குத் தானாக எழும்பும் பிள்ளைக்கு முதலாவது பொருந்தலாம். இரண்டாவதற்கும் ஓர் எல்லை இருக்கிறது; அந்த எல்லை பிள்ளையின் கண்ணில் தெரியும்.

அடுத்த ஜனவரியில்

வெட்டுப்புள்ளியைத் தாண்டுவது ஏறத்தாழ ஆறில் ஒரு பிள்ளைதான். தாண்டினாலும் தாண்டாவிட்டாலும் அந்த ஆறு பிள்ளைகளும் தரம் ஆறுக்குப் போகத்தான் போகிறார்கள். அங்கே புதிய பாடங்களும் புதிய ஆசிரியர்களும் காத்திருப்பார்கள், சாதாரண தரம், உயர்தரம் என்று நீண்ட வழியும் இருக்கும். பத்து வயதிலேயே புத்தகத்தைக் கண்டு அலுத்துப்போன பிள்ளை அந்த வழியை எப்படி நடக்கும்? தன் பிழையைத் தானே கண்டு திருத்தவும், நேரத்துக்குப் படுத்து நேரத்துக்கு எழும்பவும் பழகிய பிள்ளைக்கு, பெறுபேறு எதுவாக இருந்தாலும், அந்தப் பழக்கம் கூடவே வரும்.

ஆகவே நேரசூசி எழுதும்போது மேலிருந்து எழுதாதீர்கள். முதலில் "இரவு 8.30 நித்திரை, காலை 5.30 எழும்புதல்" என்று எழுதுங்கள். ஒன்பது மணித்தியாலம் அங்கே பூட்டப்பட்டுவிடும். அடுத்ததாக விளையாட்டுக்கு ஒரு மணித்தியாலம் எழுதுங்கள். அதற்குப் பிறகு மிஞ்சும் நேரத்துக்குள் எத்தனை பேப்பர் அடங்குமோ, அத்தனைதான் உங்கள் பிள்ளைக்குத் தேவை.