பங்காளி குரோமோசோமும் ஒரு பிளக்ஸ் போர்டும்

மாசி சிவராத்திரிக்கு இந்த வருஷமும் குலசாமி கும்பிட ஆண்டிபட்டி போயிருந்தேன். ராத்திரி கோயில் பொட்டல்ல பாயை விரிச்சு பங்காளிங்க எல்லாரும் உக்காந்திருந்தோம். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த செய்தி: உலகத்தின் முதல் மனிதன் உசிலம்பட்டிப் பக்கம் இருக்கிறார், அவர் உடம்பில் 70,000 வருஷப் பழைய ஜீன் ஓடுகிறது.

"நம்ம கணவாய்க்கு அங்கிட்டுத்தானப்பா. நாமளும் அந்த மண்ணுதானே? அடுத்த வருஷம் கோயில்ல ஒரு பிளக்ஸ் வைக்கணும். 'எழுபதாயிரம் ஆண்டு கண்ட வம்சம்'னு. நீதான் இதெல்லாம் படிக்கிறவன், வாசகத்தை நல்லா எழுதிக் குடு" என்றார்.

சரிண்ணேன்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். எழுத உட்கார்ந்தால் அந்த வாசகம் வரவில்லை. அதற்குப் பதில் இந்தக் கட்டுரை வந்திருக்கிறது. நான் உயிரியல் படித்தவன் இல்லை, சாப்ட்வேர்க்காரன். அதனால் எனக்குப் புரிந்த வழியில்தான் சொல்ல முடியும்.

செய்தியில் உண்மை எவ்வளவு?

செய்தி முழுப் பொய் இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நோய் எதிர்ப்பியல் துறையில் இருந்தவர் பேராசிரியர் ராமசாமி பிச்சப்பன். காசநோய் ஏன் சிலரை மட்டும் அதிகம் தாக்குகிறது என்பது போன்ற கேள்விகளுக்காக நம் பகுதி மக்களின் மரபணுக்களைப் படித்தவர். அந்த வழியில் ஸ்பென்சர் வெல்ஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து வேலை செய்தார். 2001-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வுக் கட்டுரையில் இருவர் பெயரும் உண்டு. அந்தக் கட்டுரை ஐரோப்பா, ஆசியா முழுக்க ஆண்களின் ஒய் குரோமோசோம்களை ஒப்பிட்டது.

உசிலம்பட்டி அருகே ஜோதிமாணிக்கம் கிராமத்தில், பிரமலைக் கள்ளர் சமூகத்து இளைஞர் ஒருவரின் ஒய் குரோமோசோமில் எம்130 என்ற அடையாளம் இருந்தது. வெல்ஸ் எடுத்த ஆவணப்படம் 2003-இல் வந்தபோது அந்தக் கிராமம் உலகத்துக்குத் தெரிந்தது. ஆண்டிபட்டியிலிருந்து மதுரைக்குப் போகும் பஸ் உசிலம்பட்டியையும் தாண்டும், அந்தப் பல்கலைக்கழக வாசலையும் தாண்டும். காலேஜ் நாட்களில் எத்தனை முறை அந்த ரோட்டில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே போயிருப்பேன்!

எம்130 என்றால் என்ன?

ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். மற்ற குரோமோசோம்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் அம்மா பங்கு, அப்பா பங்கு என்று கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டு மாதிரி கலந்துவிடும். ஒய் மட்டும் இரண்டு முனைகளைத் தவிர கலப்பதில்லை. அப்படியே நகல் ஆகிறது.

நகல் எடுக்கும்போது எப்போதாவது ஒரு எழுத்துப்பிழை விழும். எம்130 அப்படி ஒரு பிழை. ஒரு ஆணுக்கு, சைட்டோசின் இருக்க வேண்டிய ஓர் இடத்தில் தைமின் விழுந்தது. அவருடைய மகன்கள், பேரன்கள், அவர்களின் வழி வந்த ஆண்கள் எல்லாரிடமும் அந்தப் பிழை இருக்கும்.

எங்கள் வேலையில் இதற்குச் சரியான உவமை உண்டு. ஒரு புரோகிராமில் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத குறிப்பு வரிகள் இருக்கும். அதில் ஒருத்தர் ஸ்பெல்லிங் தப்பாக எழுதிவிட்டால் புரோகிராம் ஓடுவதில் எந்த மாற்றமும் இராது. ஆனால் அதே தப்பு இன்னொரு கம்பெனியின் புரோகிராமில் இருந்தால், யார் யாரிடமிருந்து காப்பி அடித்தார்கள் என்று தெரிந்துவிடும். எம்130-உம் அப்படித்தான். அதனால் வீரமோ அறிவோ நிறமோ வருவதாக யாரும் காட்டியதில்லை. வழியைக் காட்டும் மைல்கல், அவ்வளவுதான்.

இன்னொரு சுவாரஸ்யம். இந்தப் பிழை இருப்பது ஆர்பிஎஸ்4ஒய் என்ற மரபணுவின் பகுதியில். அதற்கு எக்ஸ் குரோமோசோமில் ஒரு ஜோடி மரபணு இன்னும் இருக்கிறது. எக்ஸும் ஒய்யும் ஒரு காலத்தில் சரிசமமான ஜோடியாக இருந்தன என்பதற்கு அது ஒரு சாட்சி. பாலூட்டிகளின் பரிணாமத்தில் 15 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக ஒய் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஆடு, மாடு, யானை, நாம் எல்லாருமே அந்தத் தேய்ந்த பாதியைத்தான் சுமக்கிறோம்.

முதல் மனிதனா?

இல்லை. மொராக்கோவில் ஜெபல் இர்ஹூட் என்ற இடத்தில் கிடைத்த நம் இன எலும்புகளுக்கு வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள். சென்னைக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கோடரிகளுக்கு 15 லட்சம் ஆண்டுகள். அவை நமக்கு முந்தைய மனித இனத்தின் கைவேலை. எம்130 பிழை விழுந்தது ஏறக்குறைய 50,000 முதல் 70,000 ஆண்டுகளுக்குள். ஆப்பிரிக்காவை விட்டு வெளியே வந்த கூட்டத்தின் ஆரம்பக் கிளைகளில் அது ஒன்று. ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடம் இதன் ஒரு கிளை நிறைய உண்டு. அதனால்தான் ஆப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே தென்னிந்தியாவில் அது கிடைத்ததும் வெல்ஸ் அவ்வளவு சந்தோஷப்பட்டார். கடலோரமாக நடந்து போன வழித்தடத்தில் விடுபட்ட ஒரு ஸ்டாப் கிடைத்த மாதிரி.

ஆனால் "பழைய ஜீன் உள்ளவர்" என்றால் "பழைய மனிதர்" என்று அர்த்தம் இல்லை. அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்கு வாரிசாக இன்று உயிரோடு இருக்கும் எல்லாருமே அதே அளவு பழையவர்கள்தான். என் அப்பனுக்கு அப்பனுக்கு அப்பன் என்று போனால் 70,000 வருஷத்துக்கு முன்னால் எனக்கும் ஒருத்தர் இருந்தே ஆக வேண்டும். நடுவில் யாரும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. அண்ணன் கேட்ட 'எழுபதாயிரம் ஆண்டு கண்ட வம்சம்' என்ற வரியை இந்த உலகத்தில் எந்தக் கோயில் வாசலிலும், எந்தச் சர்ச் வாசலிலும், எந்தப் பள்ளிவாசலிலும் வைக்கலாம். எல்லா இடத்திலும் உண்மையாகவே இருக்கும்.

உலகளாவிய பங்காளிகள்

மூணு வருஷம் முன்னால் ஆன்லைனில் கிட் வாங்கி எச்சில் துப்பி அனுப்பினேன். எனக்கு வந்தது எம்130 இல்லை, எம்20. எல் என்ற கிளை. தென்னிந்தியாவில் சாதாரணமாகப் பார்க்கக் கூடியது. அண்ணனும் நானும் ஒரே தாத்தா வழி என்பதால் அவருக்கும் அதுதான். (இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.)

எம்130-இன் இன்னொரு கிளை மங்கோலியாவில் அடர்த்தியாக உண்டு. செங்கிஸ்கானின் வழி என்று 2003-இல் ஓர் ஆய்வு சொன்ன ஒய் குரோமோசோம் அந்தக் கிளையைச் சேர்ந்தது. அப்படிப் பார்த்தால் ஜோதிமாணிக்கத்துக்காரருக்குப் பங்காளி முறை மங்கோலியக் குதிரைக்காரர்தான், கணவாய்க்கு இந்தப் பக்கம் இருக்கும் நான் இல்லை!

கேட்க வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் மொத்த டிஎன்ஏவையும் எடுத்து ஒப்பிட்டால் அவரும் நானும்தான் நெருக்கம். ஏன் இந்த முரண்பாடு? பத்து தலைமுறை பின்னால் போனால் நமக்கு 1,024 முன்னோர் இருக்கைகள். அதில் ஒய் குரோமோசோம் கொடுத்தவர் ஒரே ஒருத்தர். மீதி 1,023 இருக்கைகளில் உள்ளவர்களை ஒய் பார்ப்பதே இல்லை. பங்காளிக் கணக்கு என்பது 1,024-இல் ஒன்றை மட்டும் எண்ணும் கணக்கு.

கலந்தோம், பிறகு நிறுத்தினோம்

மீதிப் பேரையும் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. ஹைதராபாத்தில் உள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோரும் ஹார்வர்டின் டேவிட் ரெய்ச்சும் 2009-இல் 25 இந்தியக் குழுக்களை ஆராய்ந்தார்கள். கிட்டத்தட்ட எல்லாருமே இரண்டு பெரிய பழங்குழுக்களின் கலப்பு, விகிதம் மட்டும்தான் வேறு. 2013-இல் அடுத்த ஆய்வு காலத்தைச் சொன்னது: சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை நன்றாகக் கலந்திருக்கிறோம். பிறகு அகமணம் வந்து கலப்பு பெரும்பாலும் நின்றுபோனது.

நின்றதற்கு ஒரு விலை உண்டு. 2017-இல் வந்த ஆய்வில் 263 தெற்காசியக் குழுக்களைப் பார்த்தார்கள். 81 குழுக்களில், சிறு கூட்டத்திலிருந்து பெருகியதன் தாக்கம் பின்லாந்துக்காரர்களிடமும் அஷ்கெனாசி யூதர்களிடமும் இருப்பதைவிட அதிகம். அந்த இரண்டு மக்களும் அரிய பரம்பரை நோய்களுக்கு உலகப் பாடப்புத்தகங்களில் உதாரணமாக வருபவர்கள். நம்மூர் உதாரணமும் உண்டு. வைசியர் சமூகத்தில் சிலருக்கு ஒரு நொதி குறைவாக இருக்கும். ஆபரேஷனுக்கு முன் கொடுக்கும் ஒருவகைத் தசை தளர்த்தும் மருந்து அவர்கள் உடம்பில் சீக்கிரம் கரையாது. மயக்க மருந்து டாக்டர்கள் பலர் இதைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஜாதியைப் பெருமைக்காகக் கேட்பது வேறு, உயிரைக் காப்பாற்றக் கேட்பது வேறு.

மாமனும் சித்தப்பாவும்

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். அதே சிவராத்திரி அன்று அண்ணன் இன்னொன்றும் சொன்னார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாச்சாம். வெளியே தேட வேண்டாம், மதினியின் கடைசித் தம்பி. அதாவது பிள்ளைக்குச் சொந்தத் தாய்மாமன். நம்ம பக்கத்தில் இது புதுசு இல்லை, உரிமை என்றே சொல்வார்கள்.

நான் அப்போது எதுவும் பேசவில்லை. ஊருக்குத் திரும்பி ஒரு வாரம் கழித்துப் போன் பண்ணினேன்.

"அண்ணே, பிள்ளைய அவ சித்தப்பனுக்குக் கட்டிக் குடுப்பீங்களா? உங்க கூடப் பிறந்த தம்பிக்கு?"

"என்னடா பேசுற? கூறு கெட்டுப் போச்சா?"

கோபம் நியாயம்தான். சித்தப்பா பங்காளி, அப்பா ஸ்தானம். ஆனால் மரபணுக் கணக்கில் கூடப்பிறந்த சித்தப்பாவும் கூடப்பிறந்த தாய்மாமனும் ஒன்றுதான். இரண்டு பேரிடமும் அந்தப் பெண்ணின் டிஎன்ஏவில் சராசரியாகக் கால் பங்கு பொது. நம் முறை அப்பா வழியை மட்டும் எண்ணுகிறது, அதனால் ஒருவர் அப்பா ஆகிறார், இன்னொருவர் மாப்பிள்ளை ஆகிறார். உடம்புக்குப் பங்காளியும் தெரியாது, மாமன் மச்சானும் தெரியாது.

நம் எல்லாரிடமும் பழுதான சில மரபணுக்கள் உண்டு. நல்ல நகல் ஒன்று கூட இருப்பதால் வெளியே தெரியாது. அப்பா, அம்மா இருவரும் ஒரே பழுதைக் கொடுத்தால்தான் நோய். தாய்மாமன் கல்யாணத்தில் பிறக்கும் குழந்தைக்கு எட்டில் ஒரு பங்கு இடங்களில் இரு நகல்களும் ஒரே முன்னோரிடமிருந்து வந்தவையாக இருக்கும். அத்தை மகன், மாமன் மகன் கல்யாணத்தில் பதினாறில் ஒன்று. அதற்காகப் பிறக்கும் பிள்ளை எல்லாம் நோயாளி ஆகிவிடாது, பெரும்பாலானவர்கள் நன்றாகவே பிறக்கிறார்கள். முதல் நிலை அத்தை, மாமன் பிள்ளைகள் கல்யாணத்தில் பிறவிக் கோளாறு வாய்ப்பு வழக்கத்தைவிட 2 முதல் 3 சதவீதம் கூடும் என்பது மருத்துவ மதிப்பீடு. தாய்மாமன் உறவில் அதற்கும் மேல். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே செய்திருந்தால் கணக்கு இன்னும் ஏறும். அந்த 1,024 இருக்கைகளில் ஒரே ஆள் பல இருக்கையில் உட்கார்ந்திருப்பார்.

இதையெல்லாம் சொன்னேன். கல்யாணத்தை நிறுத்துங்க என்று சொல்லவில்லை, அதைச் சொல்ல நான் யார். ரெண்டே விஷயம் கேட்டேன். ஒன்று, பிள்ளையிடம் தனியாக ஒரு வார்த்தை கேளுங்க. ரெண்டு, மதினி வீட்டில் சின்ன வயசில் தவறிப்போன குழந்தைகள், காது கேளாதவர்கள் யாராவது உண்டா என்று விசாரித்துவிட்டு, மதுரையில் மரபணு ஆலோசனை சொல்லும் டாக்டரை ஒரு தடவை பாருங்க.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "உங்க மதினிக்கு ஒரு அக்கா இருந்துச்சு. நாலு வயசுல போயிருச்சு. என்னன்னு யாருக்கும் தெரியாது" என்றார். போன வாரம் கூப்பிட்டு அந்த டாக்டர் நம்பர் கேட்டார். கொடுத்திருக்கிறேன்.

பிளக்ஸ் வாசகத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த சிவராத்திரிக்குள் கேட்டால், "அனைவரும் வருக" என்று போடச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.