கருங்கூந்தலும் தூரிகைச் சாயமும்

தலைமுடி முழுவதையும் சாயத்தில் தோய்க்காமல், அங்கங்கே சில இழைகளின் மேற்பரப்பில் மட்டும் தூரிகையால் வெளுப்புக் கலவையைத் தீட்டி, வெயில்பட்டுத் தானாகவே நிறம் மாறியது போன்ற தோற்றத்தை உண்டாக்கும் முறை பாலயாஜ் எனப்படுகிறது. 1970களில் பாரிஸ் நகரத்து அழகு நிலையங்களில் பரவிய இம்முறை, இன்று கைப்பேசித் திரை வழியாகத் தருமபுரி மாவட்டத்து இண்டூர் போன்ற ஊர்களையும் எட்டியிருக்கிறது. ஆனால் திரையில் மின்னும் கூந்தல் பெரும்பாலும் பிறவியிலேயே பழுப்பானது என்பதும், அதே கலவை கருங்கூந்தலில் அதே நிறத்தைத் தராது என்பதும் அந்தப் படங்களில் தெரிவதில்லை.

முடிக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமியாகும். அதில் கருமையும் பழுப்பும் தருவது ஒரு வகை, செம்மையும் மஞ்சளும் தருவது மற்றொரு வகை. காரத்தன்மை கொண்ட பிளீச் பவுடர் முடியின் வெளிச்செதில்களைத் திறந்துவிட, அதனோடு கலக்கப்படும் டெவலப்பர், அதாவது ஹைட்ரஜன் பெராக்சைடு, உள்ளே புகுந்து மெலனினைச் சிதைக்கிறது. பார்லர்களில் 20 வால்யூம் என்று சொல்லப்படுவது 6 சதவீதப் பெராக்சைடு. 30 வால்யூம் என்பது 9 சதவீதம். கருநிறமி முதலில் சிதைவதால், கறுப்பு முடி செம்பழுப்பு, ஆரஞ்சு, பொன்மஞ்சள் என்னும் படிகளைக் கடந்தே வெளிர்மஞ்சளை அடைகிறது. அடர்கறுப்பை 1 என்றும் மிக வெளிர்ந்த பொன்னிறத்தை 10 என்றும் கொள்ளும் அளவுகோலில் கருங்கூந்தலை 5 அல்லது 6க்கு மேல் ஏற்றாமல் நிறுத்தி, எஞ்சும் ஆரஞ்சை நீலச் சாயல் கொண்ட டோனர் என்னும் மேற்சாயத்தால் தணிப்பதே இயல்பான தோற்றத்துக்கு வழி. அதற்கு மேல் ஏற்றப்பட்ட சாம்பல்பொன் நிறம் எவ்வளவு திறமையாகத் தீட்டப்பட்டிருந்தாலும் மாநிற முகத்தில் ஒட்டுமுடி போலவே நிற்கும்.

கலவையைவிடக் கைதான் இங்கு முக்கியம். ஒரு கற்றை முடியை இழுத்துப் பிடித்து, மேலே தூரிகை பட்டும் படாமலும், கீழே வரவர அழுத்தம் கூடி, நுனி முழுவதும் நனையுமாறு தீட்டுகிறார்கள்; மேல்பகுதியில் தூரிகை சற்று அழுந்தினாலும் அங்கே திட்டு விழுந்துவிடும். அடுத்த இழைக்கு வழியாதபடி கலவை தயிரைப் போல் கெட்டியாக இருக்க வேண்டும். அது காய்ந்துவிட்டால் வெளுக்கும் வேலையும் நின்றுவிடும். முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்வதால், வேரிலிருந்தே சாயம் பூசியவர்களுக்கு ஓரிரு மாதத்தில் கோடு தெரிந்துவிடுகிறது. வேரை விட்டுத் தீட்டிய கூந்தலிலோ நிறம் மெல்ல மெல்லத் தொடங்குவதால் அத்தகைய கோடு விழுவதில்லை.

தமிழ்நாட்டுக்குச் சொந்தமான சாய மரபு வேறு வகைப்பட்டது. மருதாணியின் சாயப்பொருள் மெலனினை நீக்காமல் முடியின் கெரட்டின் புரதத்தோடு பிணைவதால், நரைத்த இழை செம்மையாகிறது, கறுப்பு இழை வெயிலில் மட்டும் செந்நிறம் காட்டுகிறது. இதனால் நரை ஊடாடிய தலையில், தூரிகை தொடாமலே தீட்டியது போன்ற வரிகள் அமைந்துவிடுகின்றன. அதன் மேல் அவுரிப் பொடியைப் பூசினால் கருமை கிடைக்கிறது; திண்டிவனம் வட்டாரத்தில் இந்த அவுரி இன்றும் பயிராகிறது. ஆயினும் அவுரி ஏறிய முடியைப் பிளீச் செய்தால் பச்சை படரக்கூடும். உலோக உப்புகள் கலந்த மருதாணிப் பொட்டலங்களைப் பயன்படுத்திய முடியில் பெராக்சைடு பட்டால் சூடேறி முடியே இற்றுப்போகக்கூடும்.

தண்ணீருக்கும் இதில் பங்குண்டு. தருமபுரி மாவட்டத்து ஆழ்குழாய் நீர் என்றதும் பல்லைக் கறையாக்கும் ஃபுளோரைடுதான் நினைவுக்கு வரும். கூந்தல் நிறத்தைக் கெடுப்பதோ அது அன்று, கடின நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம், இரும்பு ஆகியவையே. அவை வெளுத்த இழையில் படிந்து அதை மங்கலாக்கி, சொரசொரப்பாக்குகின்றன. 2013இல் செயல்படத் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரி நீர் வீட்டுக்கு வருமாயின், கடைசி அலசலுக்காவது அதில் இரண்டு செம்பு எடுத்து வைப்பது நல்லது.

தூரிகையைத் தொடுமுன், கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் தலைக்குப் போட்ட டை, மருதாணி, அவுரி அனைத்தையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். மறைவான ஓர் இழையில் கலவையைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். டோனர், டை போன்ற சாயம் எதுவானாலும் 48 மணி நேரம் முன்னதாகக் காதுக்குப் பின்புறம் சிறிது தடவிப் பார்த்து, அரிப்போ தடிப்போ கண்டால் அதைக் கைவிட்டுவிடுங்கள்.