கைப்பேசி வாங்குமுன்

விடுதிக்குப் புதிதாக வந்து சேரும் நம் மாணவர் பலர் கேட்கும் வினா, "ஆண்ட்ராய்டா, ஐபோனா?" என்பது. கேட்பவர் ஒருவர்; விடை கூறப் புறப்படுவோர் பதின்மர்! ஐபோன் வைத்திருப்பவர் மற்றதைக் கைப்பேசி என்றே ஒப்பமாட்டார். வீட்டார் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கும் பொருள். படிப்பு முடியும்வரை உழைக்கவேண்டிய பொருள். ஆகவே, கட்சி கட்டிப் பேசுவதை விடுத்து, சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

கருவியின் உறுப்புகளையும் செயலிகளையும் இணைத்து ஆளும் மென்பொருளையே இயங்குதளம் என்கிறோம். ஒரு காலத்தில் இத்துறையில் போட்டியாளர் பலர் இருந்தனர். நோக்கியாவின் சிம்பியன் மறைந்தது. மைக்ரோசாப்ட்டின் விண்டோஸ் கைப்பேசிகளுக்கு 2020 சனவரியுடன் ஆதரவு நின்றது. எஞ்சி நிற்பவை பெரும்பாலும் இரண்டே. 2007-இல் ஐபோனுடன் வந்த ஐஓஎஸ் ஒன்று. 2008-இல் முதற்கருவி கண்ட கூகுளின் ஆண்ட்ராய்டு மற்றொன்று.

ஆப்பிள் நிறுவனம் கருவி, இயங்குதளம் இரண்டையும் தன் கையிலேயே வைத்துக்கொள்கிறது. ஆண்ட்ராய்டையோ பல நிறுவனங்கள் தத்தம் கருவிகளில் ஏற்றி விற்கின்றன. மற்ற வேற்றுமைகள் பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கின்றன. விலை ஓர் எடுத்துக்காட்டு. 2025-இல் வந்த ஐபோன் 16இ, சிக்கனப் பதிப்பு என்ற பெயரோடு வந்தும், இந்தியாவில் 59,900 ரூபாய்க்கு அறிமுகமாயிற்று. ஆண்ட்ராய்டில் அதன் கால் பங்கு விலைக்கும் கருவி கிடைக்கும்.

ஆயினும், விலையினும் முதன்மையானது ஒன்றுண்டு. இயங்குதளத்தில் குறைகள் வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும். திருடர்கள் நுழையும் வழிகள் அவை. அவற்றை அடைக்கும் பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும்? நம் வங்கிக் கணக்கே கைப்பேசிக்குள் இருக்கும் நாளில் இது சிறு வினா அன்று. 2013-இல் வெளிவந்த ஐபோன் 5எஸ்-க்கு 2023 சனவரியிலும் திருத்தம் வந்தது. கூகுளின் பிக்சல் 8, சாம்சங்கின் எஸ்24 ஆகியவற்றுக்கு ஏழாண்டு உறுதி உண்டு. மலிவான ஆண்ட்ராய்டு கருவிகள் பலவற்றுக்கு அத்துணை ஆயுள் இல்லை. இன்னொன்று: இந்த ஆண்டுக் கணக்கு பொதுவாக அம்மாதிரி சந்தைக்கு வந்த நாளிலிருந்தே தொடங்குகிறது, நாம் வாங்கிய நாளிலிருந்து அன்று. ஈராண்டுப் பழைய மாதிரியைத் தள்ளுபடியில் வாங்குவோர் ஈராண்டை இழந்தே வாங்குகின்றனர். பழைய ஐபோனைக் கைமாற்றாக வாங்குவோர்க்கும் இது பொருந்தும்.

செயலி எழுதிப் பழக விரும்பும் பொறியியல் மாணவர்க்கு ஆண்ட்ராய்டே எளிது. எந்தக் கணினியிலும் எழுதலாம். கூகுள் கடையில் வெளியிட ஒரே முறை 25 டாலர். ஐபோனுக்கென முறையாக எழுத மேக் கணினி வேண்டும். ஆப்பிள் கடையில் வெளியிட ஆண்டுதோறும் 99 டாலர். ஆனால் ஆண்ட்ராய்டில் கடைக்கு வெளியிலிருந்தும் செயலி ஏற்றலாம் என்பது இருபக்கமும் கூரான கத்தி. திருமண அழைப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் வரும் கோப்பைத் தொட்டுப் பணம் இழந்தோர் நம் நாட்டில் உண்டு.

தமிழைப் பற்றிக் கவலை வேண்டா. இரண்டிலும் தமிழ் விசைப்பலகை உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவோர், காசு கொடுத்து வாங்கிய செயலிகளை மறுபடி வாங்க நேரும்.

என்னைக் கேட்டால், அளவான பணம் உள்ள மாணவர், புதுப்பிப்பு ஆண்டுகளை வெளிப்படையாக அறிவித்துள்ள நடுத்தர விலை ஆண்ட்ராய்டு ஒன்றையே வாங்கலாம் என்பேன். ஐபோன்தான் என்று உறுதி கொண்டோர் 15-ஆம் மாதிரியையோ அதற்குப் பிந்தியதையோ பார்க்கட்டும். 2023-இல் வந்த அது முதல் சி-வகை முனையே பொருத்தப்படுவதால், அறைத்தோழரின் சார்ஜரையே இரவல் வாங்கிக்கொள்ளலாம்.